டவுனிங் தெரு மறுத்ததாம்: மறுத்தது யார்?

ஒரு வாசகரின் கேள்வி:
"டவுனிங் தெரு மறுப்பு" என்று தமிழ்ச் செய்தியில் தலைப்புப் போடுகிறார்கள். தெரு எப்படி மறுக்கும்? என் அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. பிரதமர் அலுவலகம் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் டவுனிங் தெரு, வைட்ஹால், வெஸ்ட்மின்ஸ்டர் மூன்றும் ஒன்றுதானே? பிரித்தானிய அரசாங்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே.

9 பெப்ரவரி, இரவு

மூன்றும் ஒன்றில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே லண்டனில் தமிழ் வானொலி ஒன்றுக்கு நெடுநாள் செய்தி மொழிபெயர்த்தவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தோடு தினமும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

டவுனிங் தெரு என்றால் இன்றைக்குப் பிரதமரும் அவரைச் சுற்றியுள்ள ஆட்களும். அந்தத் தெருவின் 10ஆம் இலக்கம்தான் பிரதமரின் வீடும் அலுவலகமும். ஆலோசகர்கள், பேச்சாளர், தனிச் செயலாளர்கள். வைட்ஹால் என்றால் அமைச்சகங்கள், குறிப்பாக ஆட்சி மாறினாலும் மாறாத அதிகாரிகள். வெஸ்ட்மின்ஸ்டர் என்றால் பாராளுமன்றமும் அதைச் சுற்றியிருக்கும் அரசியல் உலகமும். மூன்றையும் அரை மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் செய்தியில் "டவுனிங் தெருவுக்கும் வைட்ஹாலுக்கும் முறுகல்" என்று வந்தால், பிரதமரின் ஆட்கள் ஒன்று கேட்கிறார்கள், அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டையும் "பிரித்தானிய அரசாங்கம்" என்று மொழிபெயர்த்தால் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் முறுகல் என்று வரும். நானே அப்படி ஒரு தாளைத் திருத்தக் கையில் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் அம்மாவின் கேள்வி மட்டும் சரியான கேள்வி. தெரு மறுக்காது. யாரோ ஒருவர் மறுத்திருக்கிறார்.

9 பெப்ரவரி, இன்னும் கொஞ்சம்

வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒரு சேர்க்கை. லண்டன்காரர் அந்தச் சொல்லைச் சொன்னால் பாராளுமன்றம். எடின்பரோவில் ஒருவர் சொன்னால் பெரும்பாலும் "எங்களை ஆளும் லண்டன் அரசு" என்ற தொனி இருக்கும், எதிர்ப்பக்கத்தில் ஹோலிரூட் என்ற அவர்களுடைய பாராளுமன்றம் இருக்கும். வேல்ஸ்காரர்களும் அப்படியே. ஆக, சொல்கிற வாய் எந்த ஊர் என்று பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து எழுதினால் அர்த்தம் தவறிவிடும்.

10 பெப்ரவரி, காலை

"டவுனிங் என்பவர் பழைய பிரதமராக இருக்கும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. ஜார்ஜ் டவுனிங் பிரதமரே இல்லை. அவர் 1684இல் செத்துப்போனார், முதல் பிரதமர் என்று சொல்லப்படும் வால்போல் 10ஆம் இலக்க வீட்டுக்குக் குடிவந்தது 1735இல்.

டவுனிங் யார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மனுஷனுடைய கதையைத் தெரிந்துகொண்டபிறகு அந்தத் தெருப் பெயரை எனக்கு முன்போல வாசிக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டில் 1642இல் பட்டம் பெற்று வெளியே வந்த முதல் வகுப்பில் அவரும் ஒருவர். இங்கிலாந்துக்குத் திரும்பி, முதலாம் சார்ல்ஸ் மன்னருக்கு எதிராகப் போரிட்டு ஆட்சியைப் பிடித்த குரோம்வெல் பக்கத்தில் கர்னல் ஓக்கி என்பவருடைய படைப்பிரிவில் சமய போதகர். பிறகு குரோம்வெல்லுக்கு உளவு வேலை பார்த்தார், தி ஹேக் நகரில் தூதராக இருந்தார். குரோம்வெல் ஆட்சி கவிழ்ந்து 1660இல் மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் திரும்பி வந்ததும் கட்சி மாறிவிட்டார். மாறியதோடு நிற்கவில்லை. 1662இல், முதலாம் சார்ல்ஸ் மன்னரின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்த மூன்று பேரை ஒல்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் பிடித்துக் கப்பலேற்றினார். மூன்று பேரும் லண்டனில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அதே ஓக்கி. சோறு போட்ட ஆள்.

அப்படி மன்னரிடம் பெற்ற செல்வாக்கில்தான் அந்தத் தெரு இருக்கிற நிலம். அவர் கடைசிக் காலத்தில் 1682 முதல் 1684 வரை அதில் வரிசை வீடுகளைக் கட்டினார். ஈரச் சதுப்பு நிலம், அத்திவாரம் ஆழமில்லை, செலவைக் குறைத்துக் கட்டியது. முகப்பில் செங்கல்லுக்கு நடுவே சாந்துக்கோடு போல் தெரிவதற்காகக் கோடு வரைந்து விட்டார்கள். பிற்காலத்தில் சேர்ச்சில், இலாபத்துக்காகக் கட்டின ஒப்பந்தக்காரர் கட்டிய ஆட்டம் காணும் வீடு என்ற பொருளில் எழுதினார். 1950களின் இறுதியில் சோதித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட திரும்பக் கட்ட வேண்டிய நிலை. பிரதமர் மக்மிலன் 1960இலிருந்து 1963 வரை வேறு வீட்டில் இருந்தார்.

உலகம் முழுக்க அரசாங்கத்துக்கு மறுபெயராக ஓடுகிற ஒரு பெயர், பழைய எசமானைக் காட்டிக்கொடுத்தவருடைய பெயர். தெருப் பலகையில் அது எழுதியிருக்காது.

10 பெப்ரவரி, மதியம்

செங்கல் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: ஆமாம், 10ஆம் இலக்கத்தின் கறுப்புச் செங்கல் உண்மையில் மஞ்சள். லண்டன் புகையில் இருநூறு ஆண்டு கறுத்தது. மக்மிலன் காலத்துத் திருத்த வேலையில் கழுவியபோதுதான் நிறம் தெரிந்தது, சனங்களுக்குப் பழகின தோற்றம் வேண்டும் என்று பிறகு கறுப்புச் சாயம் அடித்துவிட்டார்கள்.

11 பெப்ரவரி

ஒருவர் "10ஆம் இலக்கம் சட்டப்படி பிரதமர் வீடு" என்கிறார். கதவில் உள்ள பித்தளைக் கடிதப் பெட்டியைப் பாருங்கள். அதில் பிரதமர் என்ற சொல்லே இல்லை, திறைசேரியின் முதல் பிரபு என்றுதான் பொறித்திருக்கும். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1732இல் அந்த வீட்டை வால்போலுக்கே சொந்தமாகக் கொடுக்கப் பார்த்தார். வால்போல், எனக்கு வேண்டாம், இந்தப் பதவியில் வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார். அதனால் வீடு பதவிக்குப் போனது, அதுவும் திறைசேரிப் பதவிக்கு.

இதில் ஒரு சுவாரசியம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோல்ஸ்பரி பிரபு பிரதமராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவர் திறைசேரியின் முதல் பிரபு இல்லை, வெளிநாட்டு அமைச்சையும் சேர்த்துப் பார்த்தார், 10ஆம் இலக்கத்தில் வசிக்கவும் இல்லை. அங்கே இருந்தவர் அவருடைய மருமகன் பால்ஃபர் (சகோதரி மகன்), அவர்தான் முதல் பிரபு. அந்த ஆண்டுகளில் "10ஆம் இலக்கம் சொன்னது" என்று எழுதியிருந்தால் அது மாமாவா மருமகனா?

அந்த வீடு உண்மையில் இரண்டு வீடு. தெருப் பக்கம் டவுனிங் கட்டிய சின்ன வீடு, பின்னால் பழைய பெரிய வீடு. வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் இரண்டையும் இணைத்தார். அமைச்சரவை கூடும் அறை பின்வீட்டில். படத்தில் நாம் பார்க்கிற கறுப்புக் கதவு முன்வீட்டுக்கு.

11 பெப்ரவரி, இரவு

இன்றைக்கு வேலை முடிந்து வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் எழுதினதில் "டவுனிங் தெரு என்றால் பிரதமர்" என்று போட்டேன், "இன்றைக்கு" என்ற சொல் அதில் இருக்கிறது, அதைத்தான் விரிக்க வேண்டும். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில், இலங்கையில் இருந்துகொண்டு டவுனிங் தெரு என்று சொன்னவர்கள் பிரதமரை நினைத்துச் சொல்லவில்லை.

அதே தெருவில் 14ஆம் இலக்கத்தில்தான் குடியேற்ற நாடுகளின் அமைச்சகம் இருந்தது. பிற்பாடு ஸ்கொட் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பெரிய மாளிகை 1870களில் எழும்பியபோதும் அதே தெரு ஓரத்தில்தான் அந்த அமைச்சகம். 1947இல்தான் இடம் மாறியது. கொழும்பு ஆளுநருக்கு வரும் கடிதத்தின் தலையில் ஊர்ப் பெயராக "டவுனிங் தெரு" என்றும் தேதியும் இருக்கும். கனடாக்காரரும் அவுஸ்திரேலியாக்காரரும் ஜமேக்காக்காரரும் அப்படித்தான் அந்தப் பெயரைச் சொல்லிச் சபித்தார்கள். வரி, காணி, சட்டசபை எல்லாவற்றுக்கும் "டவுனிங் தெருவின் பதில் வரவில்லை" என்பதுதான் பேச்சு.

இந்தியாக்காரர்களுக்கு இது வேறு தெரு. சென்னைக்குக் கட்டளை வந்தது லெடன்ஹால் தெருவிலிருந்து. அங்கேதான் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் இருந்தது. 1858இல் கம்பனியின் ஆட்சி போய், இந்தியா அலுவலகம் என்று தனி அமைச்சகம் வந்தது. லெடன்ஹால் தெருக் கட்டடத்தையும் 1860களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது லாயிட்ஸ் காப்புறுதிக் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் பாதி இந்தியாவை நடுங்க வைத்த தெருப் பெயரை இன்று அங்கே சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச் வாங்க வரிசையில் நிற்கும் எவருக்கும் அரசாங்கமாகத் தோன்றாது.

இலங்கை இரண்டு தெருவையும் பார்த்தது. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த கரையோரத்தைக் கம்பனி சென்னையிலிருந்து ஆண்டது. 1802இல் முடிக்குரிய குடியேற்ற நாடானது. அதோடு யாழ்ப்பாணத்துக்கு எசமான் தெரு மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எத்தனை பேருக்கு அப்போது அது தெரிந்திருக்கும்?

12 பெப்ரவரி

"யாழ்ப்பாணத்தில் யாரும் டவுனிங் தெரு என்று சொல்லியிருக்க மாட்டார்கள், கச்சேரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்" என்று அண்ணர் ஒருவர் எழுதியிருக்கிறார். நூற்றுக்கு நூறு. இந்தியத் தமிழர்களுக்காக: எங்களுக்குக் கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி மட்டுமில்லை, அரசாங்க அதிபரின் அலுவலகம். காணி உறுதி, பென்ஷன், வெள்ள நிவாரணம், எல்லாவற்றுக்கும் கச்சேரி. "கச்சேரிக்குப் போட்டு வாறன்" என்றால் வீட்டில் அன்றைக்கு மதியச் சாப்பாடு பிந்தும் என்று தெரியும். அம்மம்மா சொல்லும்போது அது கட்டடமாகவும் இருக்கும், ஒரு ஆளாகவும் இருக்கும், மழைபோல மேலே இருந்து வருகிற ஒன்றாகவும் இருக்கும்.

ஆனால் கச்சேரிக்கும் டவுனிங் தெருவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கச்சேரியில் இருந்த ஆளைச் சனம் பெயரோடு தெரிந்து வைத்திருந்தது. டைக் துரை 1829இலிருந்து 1867இல் சாகும்வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர். வடக்கின் ராசா என்று அவரைச் சொல்வார்கள். பிறகு துவைனம் துரை, அவரும் நீண்ட காலம். நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் திட்ட ஒரு பெயர் இருந்தது. அவருக்கு மேலே கொழும்பில் ஆளுநர், அவருக்கும் பெயர் இருக்கிறது. அதற்கு மேலே போனால் பெயர் இல்லை, தெருதான்.

12 பெப்ரவரி, பின்னேரம்

மேலே எழுதினதோடு ஒட்டுகிற ஒன்று. 1840இல் சார்ல்ஸ் புல்லர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இதே மனக்குறையை எழுதினார். தாய்நாடு ஆள்கிறது என்கிறார்களே, தாய்நாடு என்பது யார், பாராளுமன்றமா, அமைச்சரா? அமைச்சர் வருவார் போவார். கடைசியில் குடியேற்ற நாட்டு அமைச்சகக் கந்தோருக்குள் (அலுவலகத்துக்குள்) எங்கோ ஒரு மேசையில் பெயர் தெரியாத ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் தாய்நாடு என்றார். அந்த அதிகாரிக்கு "திருவாளர் தாய்நாடு" என்று பெயர் வைத்தார். குடியேற்ற நாடுகளிலிருந்து மனுவோடு வந்து காத்துக் கிடக்கிறவர்களின் அறைகளுக்குப் பெருமூச்சு அறைகள் என்றார்.

ஊரெல்லாம் அந்தப் பட்டத்தை ஜேம்ஸ் ஸ்டீபன் என்பவர் தலையில் கட்டிவிட்டது. 1836 முதல் 1847 வரை அந்த அமைச்சகத்தின் நிரந்தரத் துணைச் செயலாளர். அவரைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும்: அடிமை ஒழிப்புச் சட்டத்தை 1833இல் வரைந்தவர் அவர்தான். வேலைப் பைத்தியம். தீயவர் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவரோ கெட்டவரோ, அவர் முடிவால் வாழ்க்கை மாறினவர்களுக்கு அவர் பெயர் தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அவருடைய பேத்தி எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃப். அந்தப் பேத்தியை 1912இல் கட்டின லெனார்ட் வுல்ஃப் யார்? 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலை பழக வந்த இளைஞர், பிறகு அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர், 1911இல் ஊருக்குப் போய் அடுத்த ஆண்டு வேலையை விட்டவர். தெருவுக்கு ஒரு முனையில் தாத்தா, மறு முனையில் பேத்தியின் கணவர். இதை முதன்முதல் இணைத்துப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

14 பெப்ரவரி

சரி, என் சொந்த அனுபவம் கேட்டீர்கள்.

பெரியப்பா 70களில் இங்கே படிக்க வந்தவர். அந்தக் கறுப்புக் கதவுக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டு நிற்கிற படம் ஊரில் எங்கள் வீட்டு முன் அறையில் தொங்கியது. அப்போது யாரும் நடந்து போகலாம். 80களில் தடுப்பு வந்தது, 1989இல் இப்போதுள்ள பெரிய இரும்புக் கதவு வந்தது. 1991இல் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைட்ஹாலில் இருந்து அடித்த மோட்டார் குண்டு பின் தோட்டத்தில் விழுந்து வெடித்தது, அதற்குப் பிறகு அந்த ஓக் மரக் கதவுக்குப் பதிலாக உருக்குக் கதவு.

நான் முதலில் பார்த்தது கம்பிக்கு வெளியே நின்றுதான். வைட்ஹால் நடைபாதையில் எங்கள் ஆட்களோடு, கையில் பதாகை. 2009 ஏப்ரலில் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லிச் சனம் பாராளுமன்றச் சதுக்கத்தில் குவிந்த காலம், இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் டவுனிங் தெரு என்ற பெயரை அந்த வாரங்களில் வேறு மாதிரிக் கேட்டார்கள். அதற்கு முன் அது பாடப்புத்தகத்தில் வருகிற பெயர். அந்த வாரங்களில் அது கேட்கிறதா கேட்கவில்லையா என்று தெரியாத ஒரு காது.

உள்ளே போனது வேறொரு முறை, ஒரு மனுக் கொடுக்க. முன்கூட்டியே சொல்லி, பெயர் கொடுத்து, சிலரை மட்டும் விடுவார்கள். பையைச் சோதித்தார்கள். தெரு நான் நினைத்ததைவிடச் சின்னது, நல்லூர்த் தேரை இழுத்து வந்தால் திருப்ப இடமிருக்காது. கதவு பளபளவென்று முகம் தெரிகிற கறுப்பு. 10இல் உள்ள பூச்சியம் சற்றுச் சாய்ந்திருப்பது உண்மைதான், பார்த்தேன். வெளியே சாவித் துளை இல்லை. தட்டினோம், திறந்தது, ஒரு மனிதர் இரண்டு கையாலும் மனுவை வாங்கினார், மரியாதையாக நன்றி சொன்னார், வாசலில் நின்று படம் எடுக்க நேரம் கொடுத்தார், கதவு சாத்தியது. அவருடைய மணிக்கூட்டுப் பட்டி பழுப்பு நிறம், ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த நாள் எங்கள் செய்தியில் "டவுனிங் தெரு மனுவை ஏற்றுக்கொண்டது" என்று வந்தது. ஏற்றுக்கொண்டது! வீட்டில் கேட்டவர்கள் கோரிக்கையையே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். "வாசலில் ஒரு அலுவலர் மனுவைப் பெற்றுக்கொண்டார்" என்று எழுதியிருந்தால் ஒருவரும் தொலைபேசி எடுத்திருக்க மாட்டார்கள். தெருப் பெயர் செய்கிற வேலை இது. சின்னச் செயலைப் பெரிதாக்கும், பெரிய முடிவை எடுத்த ஆளை மறைக்கும்.

15 பெப்ரவரி

"ஊடகங்கள் சுருக்கத்துக்காகத்தானே எழுதுகின்றன, இதில் என்ன சதி" என்று கேட்டவருக்கு. சதி என்று நான் சொல்லவே இல்லை. சுருக்கம் ஒரு காரணம், தலைப்பில் இடம் இல்லை. இன்னொரு காரணம் வழக்கம். லாபி என்று இங்கே ஒரு ஏற்பாடு, பிரதமரின் பேச்சாளர் பாராளுமன்றச் செய்தியாளர்களை நாளாந்தம் சந்திப்பார். 1990களின் பிற்பகுதிவரை அங்கே சொல்வதைச் சொன்னவர் மீது போட்டு எழுதக் கூடாது. அப்போது செய்தியாளர் என்ன செய்வார்? டவுனிங் தெரு நினைக்கிறது, டவுனிங் தெரு வட்டாரம் சொல்கிறது. ஆளைச் சொல்லக் கூடாது என்ற விதி போன பிறகும் அந்த எழுத்துப் பழக்கம் போகவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2022இல் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் டவுனிங் தெருவிலும் வைட்ஹாலிலும் நடந்த ஒன்றுகூடல்களுக்கு லண்டன் பொலிஸ் அபராதம் விதித்தது. மொத்தம் 126 அபராதம், 83 பேருக்கு. தெருவுக்கு அபராதம் போட முடியாது, சட்டம் ஆளைத்தான் கேட்கும். அந்த ஒரு முறை தெருப் பெயர் உடைந்து 83 மனிதர்களாக வந்தது. பொலிஸ் அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை. அப்போதைய பிரதமர் போரிஸ் ஜோன்சன், நிதியமைச்சர் ரிஷி சுனக் இருவரும் தங்களுக்கு வந்ததை ஒத்துக்கொண்டார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் தெருப் பெயருக்குப் பின்னால் போய்விட்டார்கள். அந்த மாதங்களில் இங்கே யாரிடம் டவுனிங் தெரு என்று சொன்னாலும் முதலில் நினைவுக்கு வந்தது கொண்டாட்டம். எங்கள் தெருவில் ஒரு அம்மா, தாயின் செத்தவீட்டுக்குப் பத்துப் பேரோடு நின்றவர். டவுனிங் தெரு என்று தொலைக்காட்சியில் வந்தால் எழும்பிப் போய்விடுவார்.

15 பெப்ரவரி, சின்னது

வேறு நாட்டு உதாரணம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பாரிஸில் கே தோர்சே, ஆற்றங்கரைத் தெரு, பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சு. வியன்னாவில் பால்ஹவுஸ்பிளாட்ஸ், ஆஸ்திரிய அரசாங்கம். பழைய ஒட்டோமன் அரசுக்கு ஒரு வாசலின் பெயர். டில்லியில் பிரதமர் வீடு இருந்த ரேஸ் கோர்ஸ் ரோடு 2016இல் லோக் கல்யாண் மார்க் ஆனது. பழைய பெயரை ஏழாம் இலக்கத்தோடு சேர்த்துச் சொல்லிப் பழகின செய்தியாளர்களுக்கு வாய் திரும்பக் கொஞ்ச நாள் எடுத்தது. சென்னைக்காரர்கள் "கோட்டை" என்பார்கள், அது தெருவில்லை, ஆனாலும் இதே இனம்.

பெர்லின் வில்ஹெல்ம் தெருவை மட்டும் இந்த வரிசையில் சும்மா சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. பிஸ்மார்க் காலத்திலிருந்து ஜெர்மன் அரசாங்கத்துக்கு அதுதான் மறுபெயர். 1945க்குப் பிறகு நியூரம்பர்க்கில் நடந்த வழக்குகளில் அமைச்சக அதிகாரிகள் மீதான வழக்கை வில்ஹெல்ம் தெரு வழக்கு என்றே சொல்கிறார்கள். கூண்டில் நின்றது தெருவில்லை. 21 பேர் பெயரோடு நின்றார்கள், வெளிநாட்டு அமைச்சின் செயலாளராக இருந்த வைட்ஸாக்கர் உட்பட. தெருவின் பெயரில் கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு போரே முடிய வேண்டியிருந்தது.

17 பெப்ரவரி

"அப்போ டவுனிங் தெரு என்று எழுதவே கூடாதா?" எழுதலாம். எங்கே எழுதலாம் என்று நான் வைத்திருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் என்ற அர்த்தத்தில் தாராளமாக எழுதுவேன். வெளிநாட்டு அதிபர் ஒருவர் டவுனிங் தெருவுக்கு வந்தார், வாசலில் நின்று பிரதமர் பதவி விலகலை அறிவித்தார். அங்கே தெரு தெருதான். ஆனால் வினைச்சொல் மறுத்தது, எச்சரித்தது, வருந்தியது, ஏற்றது என்று வந்தால் நின்று, மூலச் செய்தியில் ஆள் யார் என்று தேடுவேன். பேச்சாளரா, பெயர் சொல்லாத ஆலோசகரா, பிரதமரே வாய் திறந்து சொன்னாரா? தெரிந்தால் அவரைப் போடுவேன். மூலத்தில் ஆளே இல்லையென்றால் "சொன்னவர் பெயர் தரப்படவில்லை" என்று ஒரு வாக்கியம் சேர்ப்பேன். தலைப்பு நீளும்தான், அதற்காகப் பதிப்பாசிரியர்களோடு சண்டையும் பிடித்திருக்கிறேன்.

வைட்ஹாலைத் தமிழில் எப்போதும் உடைத்து எழுதுவேன்: எந்த அமைச்சகம் என்று. வைட்ஹால் என்பது எரிந்துபோன ஒரு அரண்மனையின் பெயர், 1698இல் எரிந்தது, விருந்து மண்டபம் மட்டும் மிச்சம். இல்லாத அரண்மனையின் பெயரில் இருக்கிற அதிகாரிகள் ஒளிய நாங்கள் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

18 பெப்ரவரி

நெல்சன் கதையை எழுதச் சொன்ன தம்பிக்காக. 1805 செப்டம்பர், குடியேற்ற நாட்டு அமைச்சகம் இருந்த அந்த 14ஆம் இலக்கத்தில் அமைச்சரைப் பார்க்கக் காத்திருந்த அறையில் இரண்டு பேர். ஒருவர் ஒற்றைக் கையோடு இருந்த அட்மிரல் நெல்சன், எல்லோருக்கும் தெரிந்த முகம். மற்றவர் இந்தியாவிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஆர்தர் வெல்லஸ்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அசாயேயிலும் போரிட்டவர், சென்னைக் கோட்டையில் இருந்தவர், இங்கே யாருக்கும் தெரியாதவர். நெல்சன் தன் பெருமையையே பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு வெளியே போய் இந்த ஆள் யார் என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து வேறு மனிதராகப் பேசினாராம். வெல்லஸ்லியே முதுமையில் சொன்ன கதை. அவர்கள் சந்தித்தது அந்த ஒரு முறைதான். அடுத்த மாதம் டிரஃபல்கர் கடற்போரில் நெல்சன் இறந்தார், மற்றவர் பிறகு வெலிங்டன் பிரபு ஆனார்.

பெயர் தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது, பாருங்கள்.

19 பெப்ரவரி

இலங்கைக்கு வந்த டவுனிங் தெருக் கடிதங்களை எங்கே பார்க்கலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்குப் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். வாசகர் அட்டை இலவசம், அடையாளப் பத்திரமும் முகவரிச் சான்றும் கொண்டு போங்கள். பேனாவை வெளியே விட்டுவிட வேண்டும், பென்சில் மட்டும். கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள் சி.ஓ. 54 என்ற வரிசையில், லண்டனிலிருந்து போன பழைய கடிதங்களின் பதிவேடுகள் சி.ஓ. 55இல்.

இலங்கையில் 1915இல் நடந்த சிங்கள முஸ்லிம் கலவரத்துக்குப் பின் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் போர்க்காலக் கடலில் கப்பலேறி இங்கே வந்து, இராணுவச் சட்டத்தில் நடந்த கொடுமைகளை அமைச்சகத்தில் எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டுகளின் கட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். போன கடிதத்தை மட்டும் வாசித்தால் டவுனிங் தெரு என்றுதான் இருக்கும். சி.ஓ. 54இல் கொழும்புக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் உள்குறிப்புத் தாள்களைப் புரட்டுங்கள். ஒரு கீழ்நிலை அதிகாரி ஒரு கருத்து எழுதி, சுருக்கொப்பம் வைத்து, தேதி போட்டிருப்பார். அடுத்தவர் அதன் கீழே மறுத்தோ ஒத்தோ எழுதியிருப்பார். கையெழுத்து வாசிக்கக் கடினம், ஒரு பக்கத்துக்கு அரை மணி எடுக்கும். சுருக்கொப்பம் யாருடையது என்று அந்தந்த ஆண்டின் குடியேற்ற நாட்டு அமைச்சகப் பெயர்ப் பட்டியலை வைத்து ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம், வாசிப்பு அறையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.